கிராண்ட் பிரீ லெஜன்ட்ஸ்: பத்திரிகைகள் கொண்டாடிய கேம், வாங்கியவர்கள் திணறிய கேம்

வீட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தாகிவிட்டது. விண்டோஸ் ஓடுகிறது, இன்டர்நெட் இணைப்பும் கொடுத்தாகிவிட்டது. அடுத்து வீட்டில் எழும் கேள்வி, "ஒரு நல்ல கார் ரேஸ் கேம் போட்டுக் கொடுங்களேன்" என்பதுதான். குழந்தைகள் கேட்பார்கள், குழந்தைகள் பெயரைச் சொல்லி அப்பாக்களும் கேட்பார்கள்! எந்த கேமை வாங்குவது என்று தெரியாதபோது நாம் எல்லோரும் செய்வது ஒன்றுதான். விமர்சனத்தைத் தேடிப் படிக்கிறோம். முழுதாகப் படிக்கிறோமா என்றால் இல்லை. கடைசியில் போட்டிருக்கும் மதிப்பெண்ணைப் பார்க்கிறோம். 10க்கு 9 என்றிருந்தால் வாங்குகிறோம், 6 என்றிருந்தால் விட்டுவிடுகிறோம்.

அந்த 9 எதற்குக் கொடுக்கப்பட்டது? கேம் எவ்வளவு திறமையாக உருவாக்கப்பட்டிருக்கிறது என்பதற்கா, அல்லது உங்கள் வீட்டு மேஜையில் உங்கள் கீ போர்டில் அது எவ்வளவு சந்தோஷம் தரும் என்பதற்கா? இரண்டும் ஒன்று போலத் தோன்றும். ஆனால் ஒன்றல்ல. இதைப் புரிந்துகொள்ள 1998ல் வெளிவந்த ஒரு கார் ரேஸ் கேமின் கதையை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அதன் பெயர் கிராண்ட் பிரீ லெஜன்ட்ஸ்.

1967ம் ஆண்டுக்கு ஒரு பயணம்

இந்த கேமை எழுதியது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த பாப்பிரஸ் என்ற சிறிய நிறுவனம். டேவிட் கேமர், ஒமர் குடாரி என்ற இருவர் தொடங்கியது. 1989ல் இவர்கள் எழுதிய இண்டியானாபொலிஸ் 500 என்ற கேம், டாஸ் காலத்துக் கம்ப்யூட்டர்களில் ஓடியது. அப்போதே கார் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதில் இவர்கள் பிடிவாதமானவர்கள் என்று பெயர் வாங்கினார்கள். 1994ல் வந்த நாஸ்கார் ரேசிங் அந்தப் பெயரை உறுதி செய்தது. கிராண்ட் பிரீ லெஜன்ட்ஸை வெளியிட்டது சியரா நிறுவனம்.

1998ல் ஃபார்முலா ஒன் கேம் எழுதும் எவரும் அந்த ஆண்டின் கார்களையும் ஓட்டுநர்களையும்தான் எடுத்துக்கொள்வார்கள். விற்பனைக்கு அதுதான் வசதி. டேவிட் கேமர் குழுவினர் 31 ஆண்டுகள் பின்னால் போய் 1967ம் ஆண்டுப் போட்டிகளை எடுத்துக்கொண்டார்கள். காரணம் இருக்கிறது. 1966ல் ஃபார்முலா ஒன் இன்ஜின் அளவு 1.5 லிட்டரில் இருந்து 3 லிட்டராக உயர்த்தப்பட்டது. ஆகவே கார்களின் சக்தி ஒரேயடியாகக் கூடிவிட்டது. ஆனால் காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் இறக்கைகள் வந்தது 1968ல்தான். இடையில் மாட்டிக்கொண்ட ஆண்டு 1967. சக்தி அதிகம், பிடிமானம் குறைவு. அந்த ஆண்டு அறிமுகமான லோட்டஸ் 49 காரின் எடை சுமார் 500 கிலோ, இன்ஜின் சுமார் 400 குதிரைத்திறன். நம் சாலைகளில் ஓடிய மாருதி 800ன் இன்ஜின் சுமார் 37 குதிரைத்திறன் என்பதை நினைத்துப் பார்த்தால் விஷயம் புரியும்.

பாதைகளும் அப்படியே. பெல்ஜியத்தின் ஸ்பா அப்போது 14 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள சாதாரணக் கிராமத்துச் சாலை. ஓரத்தில் வீடுகள், வேலிகள், தந்திக் கம்பங்கள். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ஒரு சுற்றுக்கு சுமார் 22.8 கிலோமீட்டர். அந்த ஆண்டு பிரான்ஸ் நாட்டுப் போட்டி நடந்தது லெ மான் நகரில் என்றாலும், அந்தப் பாதை சுவாரசியமாக இல்லை என்பதாலோ என்னவோ, கேமில் ரூவான் நகரத்துப் பாதையைப் போட்டார்கள். பெயர் உரிமை கிடைக்காத இடங்களில் சின்னச் சமாளிப்புகளும் உண்டு. ஹோண்டா காருக்கு முரசாமா என்றும், கூப்பர் காருக்கு கோவென்ட்ரி என்றும் பெயர் வைத்திருந்தார்கள்.

இது விளையாட்டாகச் சொல்லும் விஷயமும் அல்ல. 1967 மொனாக்கோ போட்டியில் விபத்தில் சிக்கிய லொரென்சோ பண்டினி சில நாட்களில் உயிரிழந்தார். அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த ஓட்டுநர் என்று பலரும் சொல்லும் ஜிம் கிளார்க், 1968 ஏப்ரலில் ஹாக்கன்ஹைம் பாதையில் இறந்தார். அதே கிளார்க் 1967ல் இத்தாலியின் மோன்சா பாதையில் டயர் பிரச்னையால் ஒரு முழுச் சுற்று பின்தங்கி, பிறகு எல்லோரையும் பிடித்து மீண்டும் முதலிடத்துக்கு வந்து, கடைசிச் சுற்றில் எரிபொருள் போதாமல் மூன்றாவதாக முடித்தார். இப்படிப்பட்டவர்கள் ஓட்டிய கார்களை உங்கள் மேஜைக்குக் கொண்டு வருகிறோம் என்றது பாப்பிரஸ். கேமில் கார் நொறுங்கினால் ஒரு கீயைத் தட்டி மறுபடி ஆரம்பிக்கலாம். நமக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்!

உள்ளே நடக்கும் கணக்கு

சாஃப்ட்வேர் எழுதுகிறவன் என்ற முறையில் இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், பயமுறுத்த மாட்டேன்.

மானிட்டரில் கார் ஓடுவது சினிமா மாதிரிதான். தனித்தனிப் படங்கள் வேகமாக மாறுகின்றன. கிராண்ட் பிரீ லெஜன்ட்ஸ் விநாடிக்கு அதிகபட்சம் 36 படங்களைக் காட்டும். ஆனால் கார் எங்கே இருக்கிறது, எந்த டயரில் எவ்வளவு எடை இறங்கியிருக்கிறது, எது வழுக்குகிறது என்ற கணக்கை அது விநாடிக்கு 288 முறை போட்டது. அதாவது நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் 8 முறை கணக்கு நடந்து முடிந்திருக்கும். ஏன் இவ்வளவு? டயர் பிடிப்பை இழப்பது கண் இமைக்கும் நேரத்தில் நடக்கும் காரியம். விநாடிக்கு 36 முறை மட்டும் பார்த்தால் அந்தத் தருணத்தையே தவற விட்டுவிடலாம்.

அந்தக் காலத்துக் கார் கேம்கள் பலவற்றில், உள்ளே இருப்பது கார் அல்ல. சாலை மேல் வழுக்கிச் செல்லும் ஒரு பெட்டி. இடது அம்புக்குறியை அழுத்தினால் பெட்டி இடது பக்கம் திரும்பும். எவ்வளவு வேகத்தில் போனாலும் திரும்பும். இந்த கேமில் அப்படி இல்லை. நான்கு டயர்களும் தனித்தனி. வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தீர்கள் என்றால், காரின் எடை முன்பக்கம் சாயும். பின் டயர்கள் லேசாகிவிடும். லேசான டயருக்குப் பிடிமானம் குறைவு. பின்பக்கம் வழுக்கி, கார் பம்பரம் போலச் சுழன்று, நீங்கள் வந்த வழியைப் பார்த்தபடி நிற்பீர்கள். தப்பிக்க வேண்டுமானால் காலை எடுக்கக் கூடாது. அளவாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். அந்தக் கால ஓட்டுநர்கள் ஸ்டியரிங்கால் பாதி, ஆக்சிலரேட்டரால் பாதி என்றுதான் காரைத் திருப்பினார்கள். நான்கு டயர்களும் லேசாக வழுக்கும்படி வளைவைக் கடந்தார்கள். இதை கேமில் செய்ய முடிந்தது, அதுவும் அசல் காரில் நடக்கிற அதே காரணத்துக்காகவே நடந்தது என்பதுதான் அதிசயம்.

மதிப்பெண் உயர்ந்தது, விற்பனை உயரவில்லை

அமெரிக்க, பிரிட்டிஷ் கேம் பத்திரிகைகள் பாராட்டித் தள்ளின. அதுவரை ஹோம் கம்ப்யூட்டருக்கு வந்த ரேஸ் கேம்களில் இவ்வளவு உண்மையாகக் கார் ஓட்டும் அனுபவத்தைத் தந்தது இல்லை என்பதுதான் பொதுவான தீர்ப்பு. இன்ஜின் சத்தம், 1967ன் சூழல், பாதைகளின் மேடு பள்ளம் எல்லாவற்றையும் பாராட்டினார்கள். குறைகளையும் மறைக்கவில்லை. கேம் கடினம், மிக மிகக் கடினம் என்று சொன்னார்கள். நல்ல கம்ப்யூட்டர் வேண்டும் என்றும் சொன்னார்கள். ஆனால் மதிப்பெண் போடும் கட்டத்துக்கு வந்தபோது இந்தக் குறைகள் அதிகம் வெட்டவில்லை.

கடையில் நடந்தது வேறு. கேம் எதிர்பார்த்தபடி போகவில்லை. வியாபாரக் கணக்கில் அதைத் தோல்வி என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏன் என்று பார்ப்போம். விமர்சகரின் மேஜையை நினைத்துப் பாருங்கள். பத்திரிகை அலுவலகத்தில் வேகமான கம்ப்யூட்டர் இருக்கும். ரேஸ் கேம்களை எழுதுகிறவருக்கு ஸ்டியரிங் வீலும் பெடல்களும் இருக்கும். அவர் ஏற்கெனவே நூறு கேம்கள் ஆடியவர். இரண்டு வாரம் உட்கார்ந்து பழகுவது அவருக்கு வேலை. அதற்குச் சம்பளமும் உண்டு. வாங்கியவர் வீட்டில் என்ன இருந்தது? கீ போர்டு. கீ போர்டின் ஒவ்வொரு கீயும் லைட் ஸ்விட்ச் மாதிரி. ஆன் அல்லது ஆஃப். கால்வாசி ஆக்சிலரேட்டர் கொடுக்க அதில் வழியே இல்லை. அளவாகக் கொடுப்பதையே உயிர்நாடியாகக் கொண்ட கேமை, அளவே தெரியாத கருவியால் எப்படி ஆடுவது? முதல் வளைவில் சுழன்றது. இரண்டாவது முறையும் சுழன்றது. சிலருக்குப் புறப்படும் இடத்திலேயே சுழன்றது!

வீடியோ கார்டு இன்னொரு தலைவலி. வெளியான நேரத்தில் இந்த கேம் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டுகளையும், ரெண்டிஷன் கார்டுகளையும்தான் ஆதரித்தது. வேறு கார்டு வைத்திருந்தவர்களுக்கு எல்லா வேலையையும் பிராசஸரே செய்ய வேண்டியதாயிற்று. ஏற்கெனவே 288 கணக்கில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் பிராசஸர் அது. படம் திக்கித் திக்கி வந்தால் காரைக் கட்டுப்படுத்துவது இன்னும் கஷ்டம். ஆக, பத்திரிகையில் எழுதப்பட்ட கேமும் பலர் வீட்டில் ஓடிய கேமும் ஒன்றல்ல என்றே சொல்லிவிடலாம். சிடி ஒன்றுதான்.

அதே 1998ல் நீட் ஃபார் ஸ்பீட் வரிசையில் மூன்றாவதாக ஹாட் பர்சூட் வந்தது. போலீஸ் துரத்தும், நாம் ஓடலாம். ஐந்து நிமிடத்தில் யாருக்கும் பிடித்துவிடும். "அப்படியானால் மக்களுக்கு நிஜம் வேண்டாம், வேடிக்கைதான் வேண்டும்" என்று சிலர் முடிவு கட்டினார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏனென்றால் 1997 டிசம்பரில் ஜப்பானிலும் 1998ல் மற்ற நாடுகளிலும் பிளேஸ்டேஷனுக்கு வந்த கிரான் டூரிஸ்மோ, நிஜமான கார் ஓட்டுதலைச் சொல்லித்தான் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. பாப்பிரஸ் அளவுக்கு ஆழமான கணக்கு அதில் இல்லைதான். ஆனால் அதில் டிரைவிங் லைசென்ஸ் தேர்வுகள் இருந்தன. முதலில் நேராகப் போய் நிறுத்து, பிறகு ஒரு வளைவு, பிறகு இரண்டு வளைவு என்று பள்ளிக்கூடம் மாதிரி கைபிடித்துச் சொல்லிக் கொடுத்தது. கிராண்ட் பிரீ லெஜன்ட்ஸிலும் சக்தி குறைந்த பயிற்சிக் கார்கள் இருந்தன. பிரேக், ஆக்சிலரேட்டருக்கு உதவி வசதிகளும் இருந்தன. ஆனால் அவற்றைத் தேர்ந்தெடுத்துப் பொறுமையாகப் பழகுங்கள் என்று கேம் வற்புறுத்தவில்லை. பெட்டியில் லோட்டஸ் படம் போட்டிருக்கும்போது யார் பயிற்சிக் காரில் ஏறுவார்கள்? நிஜத்தைத் தந்ததில் பிழையில்லை. நிஜத்துக்கு ஏறிப் போகப் படிக்கட்டை ஓரமாக வைத்ததுதான் பிழை என்பது என் கட்சி.

தலைகீழாக ஒரு கேஸ்

மதிப்பெண்ணும் மக்கள் ஆர்வமும் எதிர் எதிர்த் திசையில் போனதற்கு இன்னொரு வேடிக்கையான உதாரணம், 2003ல் வந்த பிக் ரிக்ஸ் என்ற லாரி ரேஸ் கேம். அதில் எதிராளியின் லாரி புறப்படும் இடத்தை விட்டு நகராது. உங்கள் லாரி கட்டிடங்களுக்குள் புகுந்து மறுபக்கம் வரும். பாலத்தின் மேல் போனால் பள்ளத்தில் இறங்கிவிடும். ரிவர்ஸ் கியரில் அழுத்திக்கொண்டே இருந்தால் வேகம் எல்லையில்லாமல் ஏறிக்கொண்டே போகும்! ஜெயித்ததும் வரும் வாழ்த்துச் செய்தியில் ஆங்கில இலக்கணமே தப்பு. கேம்ஸ்பாட் தளம் இதற்கு 10க்கு 1 கொடுத்தது. பல விமர்சனங்களைச் சேர்த்துச் சராசரி போடும் மெட்டாகிரிட்டிக்கில் 100க்கு 8. இவ்வளவு மோசமா என்று பார்க்கும் ஆசையிலேயே அது உலகப் பிரபலம் ஆகிவிட்டது. இதில் விமர்சகர்கள் மீது எந்தக் குறையும் சொல்ல முடியாது. லாரி சுவருக்குள் போகிறது என்று எழுதினார்கள், போகத்தான் செய்தது.

அதற்குப் பிறகு நடந்தது

கடையில் தோற்ற கிராண்ட் பிரீ லெஜன்ட்ஸ் செத்துப் போகவில்லை. வாங்கியவர்களில் கொஞ்சம் பேர், சுழன்று சுழன்று அடிபட்டாலும் விடாமல் உட்கார்ந்து பழகினார்கள். பழகியவர்களால் வேறு கேமுக்குப் போக முடியவில்லை. புதிய பாதைகளை அவர்களே உருவாக்கினார்கள். 1965, 1969 போன்ற வேறு ஆண்டுகளின் கார்களைச் சேர்த்தார்கள். மங்கலான படங்களைத் தெளிவான படங்களாக மாற்றினார்கள். பிராசஸர்கள் 1.4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தைத் தாண்டியதும் கேம் ஓட மறுத்தது. எழுதப்பட்ட காலத்தில் இவ்வளவு வேகமான பிராசஸர் வரும் என்று யாரும் கணக்குப் போடவில்லை! அதற்கும் ஒரு சின்னத் திருத்த சாஃப்ட்வேர் வந்தது. ஆட ஆளில்லாத கேமுக்கு யாராவது இவ்வளவு மெனக்கெடுவார்களா?

கேமுக்குள் இருந்த கணக்கும் வீணாகவில்லை. 2001ல் பாப்பிரஸ் வெளியிட்ட நாஸ்கார் ரேசிங் 4, அதே அடிப்படையில் எழுதப்பட்டது. 2003ல் வந்த நாஸ்கார் ரேசிங் 2003 சீசன் அவர்களின் கடைசி கேம். அதையும் ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் ஆடினார்கள். டேவிட் கேமர் 2004ல் ஜான் ஹென்றி என்பவருடன் சேர்ந்து ஐரேசிங் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பாப்பிரஸின் சாஃப்ட்வேரை அடித்தளமாக வைத்து உருவான அந்தச் சேவை 2008ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2020ல் கொரோனா காரணமாக நிஜப் பந்தயங்கள் நின்றுபோன வாரங்களில், நாஸ்கார் ஓட்டுநர்கள் வீட்டில் இருந்தபடி ஐரேசிங்கில் போட்டியிட, அமெரிக்க டிவி அதை நேரடியாக ஒளிபரப்பியது. அந்த மரத்தின் வேர்களில் ஒன்று, 1998ல் கடை அலமாரியில் தேங்கிய சிடிதான்.

இதை எல்லாம் பார்த்தால் விமர்சகர்கள் சொன்னது சரி என்றே தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. கேமின் தரத்தை அவர்கள் முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அதே சமயம், அந்த மதிப்பெண்ணை மட்டும் நம்பி, கீ போர்டுடன் உட்கார்ந்து, மூன்று நாளில் சிடியை அலமாரியில் போட்டவர் ஏமாந்தது உண்மை. அவருக்கும் காசு நஷ்டம்தானே?

நீங்கள் வாங்கும்போது

ஆகவே இனி ஒரு கேம் விமர்சனம் கண்ணில் பட்டால், மதிப்பெண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் குறைகள் எழுதப்பட்டிருக்கும் பத்தியைத் தேடுங்கள். எழுதியவர் எதைக் கொண்டு ஆடினார் என்று பாருங்கள்: ஸ்டியரிங் வீலா, கேம்பேடா, கீ போர்டா? ரேஸ் கேம்களுக்கு இதுதான் முதல் கேள்வி. 'சிமுலேஷன்' என்ற வார்த்தை அடிக்கடி வந்தால், அது பழகுவதற்கு நாள் பிடிக்கும் கேம் என்று அர்த்தம் செய்துகொள்ளலாம். 'ஆர்கேட்' என்று எழுதியிருந்தால் குழந்தைகள் அன்றே ஆட ஆரம்பித்துவிடுவார்கள். ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டில் யார் உட்காரப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

அடுத்து, தேவையான பிராசஸர், மெமரி, கிராஃபிக்ஸ் கார்டு பட்டியல். இதில் 'குறைந்தபட்சம்' என்று ஒன்றும் 'பரிந்துரை' என்று ஒன்றும் போட்டிருப்பார்கள். குறைந்தபட்சம் என்றால் கேம் திறக்கும் என்று பொருள். நன்றாக ஓடும் என்று பொருள் அல்ல. உங்கள் கம்ப்யூட்டர் பரிந்துரைப் பட்டியலுக்குப் பக்கத்திலாவது வருகிறதா என்று பாருங்கள். டெமோ கிடைத்தால் முதலில் அதை ஆடுங்கள். ஸ்டீம் மூலம் வாங்குகிறீர்கள் என்றால், வாங்கிய 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆகவே முதல் அரை மணி நேரத்தை அமைப்புகளை மாற்றுவதிலேயே செலவழித்துவிடாதீர்கள். நேராகப் பந்தயத்துக்குள் போய்ப் பாருங்கள்.

சிமுலேஷன் ரகத்தையே ஆடிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறதா? முதலில் ஒரு சாதாரண கேம்பேடாவது வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பின்பக்க டிரிக்கர்கள், அழுத்தும் அளவைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். உள்ளதிலேயே சக்தி குறைந்த காரைத் தேர்ந்தெடுங்கள். எதிராளிகள் யாரும் இல்லாமல், ஒரே பாதையில் பத்துச் சுற்றுகள் மெதுவாகப் போங்கள். நேரான சாலையிலேயே பிரேக்கை முடித்துக்கொண்டு, பிறகு ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். கார் சுழலாமல் ஐந்து சுற்றுகள் முடிந்த பிறகு, அடுத்த காருக்குப் போகலாம்.